ஆந்தைக் காலில் வளையம்: மதுரைப் பக்கத்து ஆர்வலர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தை மாதப் பனி. மேலூரைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். கையில் டார்ச், ஒரு நோட்டு, பிளாஸ்க்கில் காபி. பின்னால் மொபெட் ஒன்று வந்து நின்றது.

“யாருப்பா அது, இந்நேரத்துல கரையில லைட்டு அடிக்கிறது?”

“ஆந்தை பார்க்க வந்திருக்கோம்யா.”

“ஆந்தையவா?” பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “புதையலுக்கா, மாந்திரீகத்துக்கா?”

இரண்டும் இல்லை என்று நம்பவைக்க அரை மணி நேரமும் ஒரு டம்ளர் காபியும் ஆனது. அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் புளியமரத்தில் எந்தப் பொந்தில் எத்தனை வருஷமாக ஆந்தை இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். அன்றைக்கு நாங்கள் வலை எதுவும் கொண்டுபோகவில்லை. சத்தம் கேட்டுக் கணக்கெடுக்கத்தான் போயிருந்தோம். அவரும் கடைசியாக எல்லாரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்: “ஆந்தைய புடிச்சு வளையம் மாட்டி விடுவாங்களாமே, நெசமா?”

நிஜம்தான். அதை எப்படிச் செய்கிறார்கள், மதுரைப் பக்கம் இருக்கும் ஒருவர் அதற்குள் எப்படிப் போகலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது என்பதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளையம் எதற்கு?

பறவையின் காலில் எண் பொறித்த ஒரு சின்ன உலோக வளையத்தை மாட்டி விடுவதுதான் மொத்த விஷயம். 1899இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா குடும்பத்தைச் சேர்ந்த பறவைகளுக்கு முறையாக மாட்டத் தொடங்கினார். இந்தியாவில் இந்த வேலையை 1927இல் ஆரம்பித்தது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். நம் பக்கத்தில் அதன் பெரிய களம் கோடியக்கரை. அங்கே வளையமிட்டு விட்ட கரைப்பறவைகள் சைபீரியா வரை போனது தெரியவந்ததெல்லாம் இந்த வளையங்களால்தான்.

வளையம் தானாக எதையும் சொல்லாது. ஜிபிஎஸ் கிடையாது, சிம் கார்டு கிடையாது. முகவரி எழுதி ஆற்றில் விட்ட பாட்டில் மாதிரி. அதை வேறொருவர், வேறோர் இடத்தில், வேறொரு நாளில் கண்டெடுத்து எண்ணைப் படித்துச் சொன்னால்தான் அது தகவல். சின்னப் பறவைகளில் நூற்றுக்கு ஒன்று திரும்பக் கிடைத்தாலே பெரிது. அதனால் மாட்டுகிறவரின் கைத்திறனைவிட நோட்டில் எழுதும் ஒழுங்கும், எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆளின் அக்கறையும்தான் முக்கியம். மதுரைக்காரர்கள் அந்த முகம் தெரியாத ஆளாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் கடைசிப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம்.

எந்த ஆந்தை ஊர்விட்டு ஊர் போகும்?

நாம் அன்றாடம் பார்ப்பவை எல்லாம் உள்ளூர்க்காரர்கள். புளியமரப் பொந்து வாசலில் ஜோடியாக உட்கார்ந்து தலையை ஏற்றி இறக்கி நம்மை முறைக்கிற புள்ளி ஆந்தை. கோபுர மாடங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் இருக்கிற, இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட கூகை. யானைமலை, சமணர்மலை, அரிட்டாபட்டி மாதிரியான பாறைக் கரடுகளுக்குப் பொருத்தமான கொம்பன் ஆந்தை. ஓடையும் பெரிய மரமும் சேர்ந்த இடமானால் பூமன் ஆந்தை, அதாவது மீன் பிடிக்கும் ஆந்தை. இவை வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவை. குஞ்சுகள் வளர்ந்ததும் தாய் தகப்பனை விட்டுச் சில மைல்கள் தள்ளிப் போய்க் குடியேறும், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு தள்ளி, எத்தனை உயிரோடு மிஞ்சும் என்பதைச் சொல்லவும் வளையம்தான் வேண்டும்.

நிஜமான வலசைக்காரர் குட்டைக்காது ஆந்தை. வடக்கே குளிர்நாடுகளின் திறந்த வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகிறது. தெற்கே வரவர அரிது. இது பெரும்பாலும் மரத்தில் தங்குவதில்லை. பகலில் புல்லுக்குள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். பொழுது சாயும்போதே எழுந்து, நீண்ட சிறகை மெதுவாக அடித்துக்கொண்டு பொட்டலின் மேல் தாழப் பறந்து எலி தேடும். மஞ்சள் கண், அதைச் சுற்றிக் கரி பூசின மாதிரிக் கறுப்பு. நீர் வற்றிய கண்மாய் உள்வாய், அறுவடை முடிந்த கரிசல் காடு, புல் மண்டிய தரிசு என்று மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் கண்ணை ஓட்டுங்கள். கிடைத்தால் அது அந்த வருஷத்துச் சேதி.

வலசை ஆந்தைகளுக்கு வளையமிடும் கலை நன்றாக வளர்ந்தது வட அமெரிக்காவில். அங்கே சா-வெட் என்றொரு குட்டி ஆந்தை. இரண்டு கோழிமுட்டை எடைகூடத் தேறாத ஆள்தான் பெரும்பாலும். ஒரு காலத்தில் அதை அரிய பறவை என்றே நினைத்தார்கள். அக்டோபர், நவம்பர் இரவுகளில் வலை கட்டி, ஆணின் கூவலை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் தெற்கே போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. இன்று ‘ப்ராஜெக்ட் ஆவுல்நெட்’ என்ற பெயரில் பல நிலையங்கள் ஒரே முறையில் அந்த வேலையைச் செய்கின்றன. கீழே சொல்லும் இரவு நடைமுறைகளில் பல அங்கே பழகிப் பழகித் தேறியவை. நம் மண்ணுக்கும் மழைக்கும் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: அனுமதி

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் பொறி வைப்பதும்கூட அடக்கம். கொல்லாவிட்டாலும், அடுத்த நிமிஷமே விட்டுவிட்டாலும், அனுமதியில்லாமல் பிடித்தால் குற்றம்தான். ஆராய்ச்சிக்காக விலக்கு தரும் வழி அதே சட்டத்தின் 12ஆவது பிரிவில் இருக்கிறது. அதற்கு மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்ன இனம், எத்தனை, எங்கே, எந்த மாதம், எப்படிப் பிடிப்பீர்கள், எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று எல்லாம் எழுத வேண்டும்.

தனி ஆளாக இதைக் கேட்டு வாங்குவது நடைமுறையில் கஷ்டம். ஒரு பல்கலைக்கழகத் துறையோ ஆராய்ச்சி நிறுவனமோ நடத்தும் திட்டத்தில் உதவியாளராகச் சேர்வதுதான் வழி. விலங்கியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் பேராசிரியர் மூலமாகப் போவது சுலபம். மற்றவர்கள் பம்பாய்க் கழகம் மாதிரியான அமைப்புகள் நடத்தும் வளையமிடல் முகாம்களுக்குத் தன்னார்வலராகப் போக விருப்பம் தெரிவித்து எழுதிப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

அனுமதி கையில் இருந்தாலும் வனச்சரக அலுவலகம், காவல் நிலையம், ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வட இந்தியாவில் பூஜைக்கென்று ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடுமை உண்டு. அமாவாசை இருட்டில் வலையும் துணிப்பையுமாக நிற்கும் உங்களை ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டால் அது அவர்கள் தப்பில்லை. சந்தேகப்படுகிற ஊர்தான் ஆந்தைக்கு நல்ல ஊர்.

இரண்டாம் படி: காதும் கையும்

வளையமிடக் கற்க ஆசைப்படுகிறவர் முதல் ஒரு வருஷம் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. அந்த ஒரு வருஷத்தில் செய்ய நிறைய இருக்கிறது.

ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து வரை, மாதம் இரண்டு தடவை, ஒரே பாதையில் நடந்து குறித்த இடங்களில் ஐந்து ஐந்து நிமிஷம் நின்று கேளுங்கள். புள்ளி ஆந்தை சண்டை போடுகிற மாதிரிக் கிறீச்சிடும். கூகை தொண்டை கிழிகிற மாதிரி நீளமாகச் சீறும். முதல் தடவை கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும். கொம்பன் ஆந்தை ஆழமாக இரண்டு அசையில் ‘பூ-ஊ’ என்று உறுமும். நம் வீடுகளில் ஆந்தை எத்தனை தரம் அலறினால் என்ன பலன் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை விட்டுவிட்டு எந்தத் திசை, எத்தனை மணி, எத்தனை குரல் என்று எழுதுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் இரவுப் பட்டியலையும் சேர்க்கலாம். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எந்தப் பொதுத் தளத்திலும் துல்லியமாகப் போடாதீர்கள்.

இன்னொரு வேலை, கக்கல் உருண்டை. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கும். கூகை தங்கும் இடத்துக்குக் கீழே பெருவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு பொறுக்கி, வெயிலில் காயவைத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்தால் மண்டையோடுகள் முழுசாக வரும். வயல் எலியா, பெருச்சாளியா, மூஞ்சூறா என்று பல்லை வைத்தே சொல்லிவிடலாம். ஆந்தை ஆராய்ச்சியில் ஒரு அனுமதிக் காகிதமும் ஒரு வலையும் இல்லாமல் இவ்வளவு தகவல் தருகிற வேலை வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒருமுறை இதைச் சமையல்கட்டில் ஊறவைத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கை பழகுவது முகாமில்தான். எடுத்த எடுப்பில் ஆந்தையைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. சிட்டு, சின்னான், உள்ளான் என்று நூற்றுக்கணக்கில் வலையிலிருந்து எடுத்து, பிடித்து, அளந்து பழகிய பிறகுதான் நகம் உள்ள பறவைகள். மதுரையிலிருந்து காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பஸ் மாறி மாறிக் கோடியக்கரை போய்ச் சேர்வதற்கே பொறுமை வேண்டும். மீதிப் பொறுமையை அங்கே கற்றுக்கொள்ளலாம். பம்பாய்க் கழகத்தின் முகாம்களில் பல்லாண்டுகள் பறவை பிடித்துத் தந்தவர் பீகாரைச் சேர்ந்த அலி ஹுசேன். பரம்பரையாகப் பறவை பிடிக்கும் மிர்ஷிகார் சமூகத்துக்காரர். வேட்டைக்காரர்களின் கைப்பக்குவம்தான் நம் நாட்டு வளையமிடலின் அஸ்திவாரம் என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாம் படி: இடமும் இரவும்

வட அமெரிக்காவில் அக்டோபரில் வலை கட்டுகிறார்கள் என்று நாமும் ஐப்பசியில் கிளம்பினால் மாட்டிக்கொள்வோம். இங்கே அது வடகிழக்குப் பருவமழைக் காலம். நனைந்த வலையில் சிக்கிய பறவை விறைத்துச் செத்துப்போகலாம். அதனால் மழை நின்ற பிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை வைத்துக்கொள்வதுதான் சரி. பனி கொட்டுகிற ராத்திரியில் விடியற்காலையில் வலை ஈரமாகும். அதற்கு முன்பே சுருட்டிவிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே மாதங்களில்தான் கொம்பன் ஆந்தை முட்டையிட்டு அடைகாக்கிறது. புள்ளி ஆந்தையும் கூடு கட்டத் தொடங்குகிறது. எனவே பாறை விளிம்புகளுக்கும் தெரிந்த பொந்துகளுக்கும் பக்கத்தில் வலையோ குரல் ஒலிபரப்போ கூடாது. தன் எல்லையில் வேறொரு ஆந்தை வந்துவிட்டது என்று நினைத்து முட்டையை விட்டுக் கிளம்பிவிடும்.

நிலவு தேய்ந்த இரவுகள் நல்லவை. முழுநிலவில் வலை பளிச்சென்று தெரியும். காற்று அடித்தால் வலை படகுப் பாய் மாதிரி உப்பிவிடும், அன்றைக்கு வேலை இல்லை. அரிட்டாபட்டிக்குத் தனி எச்சரிக்கை: 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வல்லூறு, கழுகு வகைகள் பாறைகளில் குடியிருக்கின்றன. அங்கே பார்க்கப் போங்கள், கேட்கப் போங்கள், வலையோடு போகாதீர்கள்.

நான்காம் படி: வலையும் பொறியும்

மிஸ்ட் நெட் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நூல் வலை. வழக்கமான அளவு 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிக உயரம். குறுக்கே ஓடும் கயிறுகள் வலையை நாலு தட்டாகப் பிரிக்கும். வலையைத் தட்டுக் கயிறுகளைவிடத் தளர்வாக விட்டிருப்பார்கள். பறவை மோதியதும் அந்தத் தளர்ச்சி பை மாதிரித் தொங்கி அதைத் தாங்கிக்கொள்ளும். விறைப்பாகக் கட்டினால் பறவை மோதித் தெறித்துவிடும். ரொம்பத் தளர்த்தினால் சுற்றிக்கொள்ளும். இந்தப் பதம் நாலு முறை கட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

சிட்டுக்குருவிக்குக் கட்டும் சிறு கண்ணி வலை ஆந்தைக்கு ஆகாது. சா-வெட் அளவு ஆந்தைக்கு 60 மில்லிமீட்டர் கண்ணி. பெரிய ஆந்தைக்கு அதைவிடப் பெரியது, நூலும் தடித்தது. கம்பத்துக்கு மூங்கில் போதும். அடித்தட்டு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கட்டும். சிக்கிய பறவையின் கனத்தில் பை தரை தொட்டால் பாம்பும் நரியும் வந்துவிடும். வலைக்கு முன்னும் பின்னும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஒதுக்காமல் கட்டிவிட்டு, பிறகு பாதி ராத்திரி முள்ளிலிருந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

திறந்த பொட்டலில் தாழப் பறக்கும் குட்டைக்காது ஆந்தைக்கு வலை பெரும்பாலும் பலிக்காது. அங்கே உதவுவது பால்-சத்ரி. கம்பிக் கூண்டுக்குள் உயிருள்ள எலி, கூண்டின் மேலே நைலான் சுருக்குகள். எலியைப் பிடிக்கப் பாயும் ஆந்தையின் விரல் சுருக்கில் மாட்டும், எலிக்கு ஒன்றும் ஆகாது. இன்று உலகமெங்கும் ஆந்தை, கழுகு ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பெயரிலேயே பயன்படுத்தும் இந்தப் பொறி நம் நாட்டுப் பழைய வேட்டைக்காரர்களின் கண்டுபிடிப்பு. அந்தக் காலத்தில் சுருக்குக்குக் குதிரை மயிர். இதை வைத்தால் ஒரு விநாடிகூடக் கண்ணை எடுக்கக் கூடாது.

கூகைக்கு இந்தப் பாடே வேண்டாம். மரப்பெட்டியில் கூடு வைக்கப் பழகிய பறவை அது. பிரிட்டனில் கூகைகளுக்குப் பெரும்பாலும் குஞ்சாக, பெட்டியில் இருக்கும்போதே வளையம் போட்டுவிடுகிறார்கள். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைப் பெட்டி வைக்கிறார்கள். வைகைப் பாசன வயல்களில் அப்படிப் பெட்டிகள் வந்தால் எலித் தொல்லைக்கும் ஆகும், ஆராய்ச்சிக்கும் ஆகும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஐந்தாம் படி: வலையிலிருந்து எடுப்பது

எல்லாவற்றிலும் கஷ்டமான இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை வலையைச் சுற்றி வர வேண்டும். தூங்கிவிட்டேன், டீ குடிக்கப் போனேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது. கொம்பன் ஆந்தையின் குரல் அருகில் கேட்டால் உடனே வலைகளை மூடுங்கள். சிக்கித் தொங்கும் சின்ன ஆந்தை அதற்குத் தட்டில் வைத்த சாப்பாடு.

பறவை சிக்கியிருந்தால் முதலில் அது எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது என்று பாருங்கள். வந்த வழியேதான் வெளியே எடுக்க முடியும். அதே பக்கம் நின்று பையின் வாயை விரியுங்கள். அடுத்தது கால். ஆந்தை எப்போதும் கொத்துவதற்கு முன் பிடிக்கும். அலகை ‘டக் டக்’ என்று சொடுக்குவது மிரட்டல்தான், நிஜ ஆபத்து நகம். இரண்டு காலையும் தொடைக்குப் பக்கத்தில் சேர்த்துப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விரலில் இறுக்கிப் பிடித்திருக்கும் நூலைப் பிடுங்காதீர்கள். காலை மெதுவாக நேராக நீட்டினால் தசைநார் தளர்ந்து விரல்கள் தாமாகத் திறக்கும். மடங்கிய காலில்தான் பிடி இறுகும். உங்கள் கையையே அது பிடித்துவிட்டாலும் வைத்தியம் இதேதான்: அசையாமல் நின்று காலை நீட்டுவது. கத்தினால் இன்னும் இறுக்கும்.

கால் விடுபட்டதும் ஒரு சிறகு, அடுத்த சிறகு, கடைசியில் தலை. இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் முடியவில்லை என்றால் அனுபவஸ்தரைக் கூப்பிடுங்கள். அவராலும் ஆகவில்லை என்றால் சின்னக் கத்தரியால் நூலை வெட்டுங்கள். வலையின் விலையைப் பார்த்துப் பறவையின் சிறகை முறித்தவரை எந்த முகாமிலும் மறுபடி சேர்ப்பதில்லை.

எடுத்ததும் காற்றோட்டமான பருத்தித் துணிப்பைக்குள். ஒரு பைக்கு ஒரு பறவை. பையைத் தரையில் வைக்காமல் கொக்கியில் தொங்கவிடுங்கள். இருட்டில் யாராவது மிதித்துவிடுவார்கள்.

ஆறாம் படி: வளையம், அளவு, எடை

வளையத்தை முதலில் போடுங்கள், அளவெல்லாம் அப்புறம். பாதி அளக்கும்போது பறவை நழுவிப் பறந்துவிட்டாலும் வளையமாவது மிஞ்சும்.

இனத்துக்குத் தக்க அளவு வளையத்தை மூத்தவர் எடுத்துக் கொடுப்பார். எண்ணை ஒருவர் சத்தமாகப் படிக்க, எழுதுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 6ஐ 9 என்று எழுதினால் பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு ஊரில் கிடைக்கும் தகவல் வேறொரு பறவையின் கணக்கில் ஏறும். இடுக்கியில் வளையத்தின் அளவுக்குத் துளை இருக்கும். ஆந்தையின் கணுக்காலில் இறகு மூடியிருப்பதால், அதைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு வளையத்தை வைத்து மெதுவாக அழுத்தி மூடுங்கள். இரண்டு முனையும் நகம் நுழையாதபடி சேர வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. மூடிய பிறகு வளையம் சுழல வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும், மூட்டைத் தாண்டி இறங்கக் கூடாது. கொம்பன் ஆந்தை மாதிரி வலுவான அலகுக்காரர்கள் சாதாரண வளையத்தை நெம்பிவிடுவார்கள் என்பதால், நாக்கு மடித்துப் பூட்டும் வளையம் வேண்டும்.

பிறகு சிறகின் நீளம், வால், கால், அலகு. எடைக்கு ஸ்பிரிங் தராசில் பையோடு தொங்கவிட்டுப் பின் பையின் எடையைக் கழிப்பார்கள். அமெரிக்காவில் சா-வெட்டைத் தலைகீழாக ஒரு ஜூஸ் டப்பாவுக்குள் இறக்கி எடை போடுவார்கள்; இருட்டும் இறுக்கமுமாக இருப்பதால் அது அசையாமல் கிடக்கும். ஆந்தையில் பெரும்பாலும் பெண்தான் பெரியது. எடையும் சிறகும் சேர்ந்து ஆணா பெண்ணா என்று சொல்ல உதவும்.

வயதைக் காட்டும் வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. ஆந்தையின் புது இறகில் போர்ஃபிரின் என்ற நிறமி இருக்கும். புற ஊதா விளக்கில் அது ரோஸ் நிறத்தில் ஒளிரும். வெயில் பட்டுப் பட்டுப் பழைய இறகில் மங்கிவிடும். சிறகை விரித்து, ரூபாய் நோட்டு சரிபார்க்கிற அந்த ஊதா விளக்கை அடித்தால், எல்லா இறகும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் அந்த வருஷத்துக் குஞ்சு. திட்டுத் திட்டாக ஒளிர்ந்தால் ஏற்கெனவே இறகு மாற்றிய மூத்த பறவை. முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ரசிப்பதற்கென்று பத்து விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள்.

வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சிவந்து சுருங்கிய திட்டு இருந்தால் அது அடைகாக்கும் பறவை. அளவு எதுவும் வேண்டாம், உடனே விடுங்கள். மற்றபடியும் கையில் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க நியாயம் இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ கண்ணை மூடித் துவண்டாலோ வேலையை அத்தோடு நிறுத்துங்கள்.

முதுகில் மாட்டும் செயற்கைக்கோள் கருவிகளும் உண்டு. பறவையின் எடையில் நூற்றில் மூன்று பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. நூறு கிராம் ஆந்தைக்கு மூன்று கிராம். அது தனி அனுமதி, தனிச் செலவு, தனிக் கதை.

ஏழாம் படி: விடுவது

வெளிச்சத்தில் இருந்த ஆந்தையை அப்படியே தூக்கிப் பறக்கவிட்டால் கண் தெரியாமல் மரத்தில் மோதும். வேலை முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் இருட்டில் பையிலேயே இருக்கட்டும். வேலை நேரத்திலும் சிவப்பு விளக்கு நல்லது. பிறகு ரோடும் மின்கம்பியும் இல்லாத பக்கம் திரும்பி, தாழ்வான கிளையிலோ முன்கையிலோ உட்காரவைத்துக் கையை எடுத்துவிடுங்கள். மேலே எறியாதீர்கள். சில உடனே போய்விடும். சில அங்கேயே உட்கார்ந்து, தலையை முழுக்கத் திருப்பி, உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும்.

நோட்டில் அன்றைக்கே முடிக்க வேண்டியவை: வளைய எண், இனம், தேதி, பிடித்த நேரம், விட்ட நேரம், இடம், வயது, அளவுகள், வளையமிட்டவர் பெயர். வலை எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். ஒன்றுமே சிக்காத இரவையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் சிக்கிய இரவுகளுக்கு அர்த்தமே கிடையாது.

வளையம் போட்ட பறவை கண்ணில் பட்டால்

இதுதான் எல்லாருக்குமான பகுதி. நான்குவழிச் சாலையில் லாரி அடித்துச் செத்துக் கிடக்கும் கூகை, கிணற்றில் விழுந்த ஆந்தை, காற்றாடி மாஞ்சாவில் மாட்டிய பறவை எதுவாக இருந்தாலும் முதலில் காலைப் பாருங்கள்.

உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணைப் படித்து, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் மூடிய அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீரும் பாலும் வாயில் ஊற்ற வேண்டாம். செத்திருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் பயம் உண்டு. இந்தியாவில் போட்ட வளையமானால் பம்பாய் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பொறித்திருக்கும், கூடவே எழுத்தும் எண்ணும் இருக்கும். வேறு நாட்டு வளையம் என்றாலும் அந்தக் கழகத்துக்கே எழுதலாம். எண், கிடைத்த தேதி, ஊரின் பெயர், எந்த நிலையில் கிடைத்தது, உங்கள் பெயர் இவ்வளவு போதும். அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் போட்டார்கள் என்று பதில் வரும்.

ஒன்று கவனியுங்கள்: ஆராய்ச்சி வளையத்தில் மூடிய இடத்தில் ஒரு கோடு தெரியும். கோடே இல்லாத முழு வளையம் என்றால் அது பெரும்பாலும் பந்தயப் புறாவுக்கு, குஞ்சாக இருக்கும்போதே காலில் நுழைத்துவிடுவது.

போன வருஷம் டீக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், யானைமலை அடிவாரத்தில் கிடைத்தது என்று ஒரு வளையத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். “அண்ணே, ரஷ்யாவுலேர்ந்து வந்ததாண்ணே?” வாங்கிப் பார்த்தேன், கோடு இல்லை. விசாரித்துக்கொண்டே போனதில் செல்லூரில் ஒரு புறாக்காரர் வீட்டில் முடிந்தது. இரண்டு மாதமாகக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்த பறவையாம். எங்கே கிடைத்தது என்று கேட்டார். கொம்பன் ஆந்தை தின்று போட்ட இறகுக் குவியலில் என்று சொன்னேன். வளையத்தைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர் சொன்னார்:

“அதுக்கும் ஒரு வளையத்தை மாட்டி விடுங்கண்ணே. அடுத்த புறாவை எங்க வச்சுத் திங்குதுன்னாவது தெரியட்டும்.”